எழுபத்தைந்துக்குப் பத்து கம்மி

முனியன் விழுந்த அன்று வெயில் ஜாஸ்தி. அதனால்தான் யாரும் பயப்படவில்லை.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற கரும்பைப் பதினாறு பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முனியன் முன் வரிசை, அவர் மகள் செவ்வந்தி அதற்கு அடுத்த வரிசை. வெட்டிய கரும்பின் மேலேயே அவர் சாய்ந்ததும், வெயில் அடித்துவிட்டது என்று தலையில் தண்ணீர் ஊற்றி வேப்பமர நிழலில் படுக்க வைத்துவிட்டு எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். லோடு ஏறியாக வேண்டும். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "எத்தினி மணிக்கு விழுந்தாரு?" என்பதுதான். செவ்வந்தி பதில் சொன்னதும் அந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு பாதி வந்தது, அதுவும் குழறலாக.

ஒரே நாளில் வீட்டில் இரண்டு கூலி நின்றது. படுத்தவர் கூலி ஒன்று, பார்த்துக்கொள்பவள் கூலி ஒன்று. இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. "அப்பனுக்கு இப்பிடி ஆயிடுச்சே" என்று வந்து உச்சுக் கொட்டியவர்களில் ஒருவர்கூட, "நீ எத வெச்சு ஒல வெக்கிற?" என்று கேட்கவில்லை.

செவ்வந்திக்கு அப்போது முப்பத்தேழு வயது. புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது. தம்பி தமிழரசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். போன் போட்டால், "யக்கா, இந்த மாசம் கைய கடிக்குதுக்கா" என்பான். பதினோரு மாசமாக அவன் கையைக் கடித்துக்கொண்டே இருந்தது. மாசா மாசம் அவள் கணக்கில் ஏறும் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை மாத்திரைக்கும் ஆட்டோவுக்கும் போனது. ரேஷன் அரிசி மட்டும் இல்லாவிட்டால் அந்த வீட்டில் இரண்டு பிணம் விழுந்திருக்கும்.

முதியோர் பணம் கேட்டு எழுதிப் போட்டாள். வயசு பத்தாது என்று திரும்பி வந்தது. முனியனுக்கு அறுபத்து மூன்றாவது இருக்கும். ஆனால் ஆதார் அட்டைக்குப் போட்டோ பிடித்த அன்று, "வயசு இன்னா பெரியவரே?" என்று கேட்டவரிடம், "நீங்களே பாத்துப் போடுங்க சார்" என்று கைகட்டி நின்றவர் அவர். சாரும் பார்த்துப் போட்டார். கரும்பு வெட்டி வெட்டி உரமேறிய உடம்பைப் பார்த்து எட்டு வயசைக் குறைத்துப் போட்டுவிட்டார். சார் சொன்னால் சரிதான் என்று வளர்ந்த ஜனம்.

நூறு நாள் வேலைக்குக் காலையில் போய் நின்று போட்டோ கொடுக்க வேண்டும், சாயங்காலம் வரை இருக்க வேண்டும். அதற்குள் இவருக்கு மூத்திரம் போனால்? இரண்டு நாள் போனாள். இரண்டாம் நாள் வந்து பார்த்தபோது ஈரத்தில் கிடந்தார். அவளைக் கண்டதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் அவள் போகவில்லை.

வீட்டிலேயே உட்கார்ந்து செய்கிற மாதிரி கிடைத்தது புளி வேலை ஒன்றுதான். கல்வராயன் மலையிலிருந்து புளி இறக்குகிற கந்தசாமி மூட்டையை வாசலில் போட்டுவிட்டுப் போவார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டிக் கொடுத்தால் கிலோவுக்குப் பத்து ரூபாய். காலையில் குந்தினால் இருட்டுவதற்குள் பன்னிரண்டு கிலோ பார்க்கலாம். நகக்கண்ணெல்லாம் புளி ஏறி வெடித்து, சோற்றில் கை வைத்தால் உயிர் போகும். முனியன் கட்டிலில் சாய்ந்தபடி நல்ல கையால் ஓடு பொறுக்கிக் கொடுப்பார். மாசி தொடங்கி ஆடி வரை அப்படி ஓடியது. அதற்குப் பிறகு மலையிலிருந்து மூட்டை வருவது நின்றது.

அந்த ஐந்து மாசத்தில் ஒரு நல்லதும் நடந்தது. வீடு வீடாக வருகிற பிசியோதெரபிப் பெண் நிர்மலா பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்தாள். வெடுக் வெடுக்கென்று பேசுவாள், ஆனால் வேலையில் சுத்தம். கூரை விட்டத்தில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டு, அதைப் பிடித்து இழுக்கச் சொன்னாள். காலை மடக்கி நீட்டிவிடச் செவ்வந்திக்குக் கற்றுக்கொடுத்தாள்.

"ஒருநாள் வுட்டாலும் நரம்பு இறுகிக்கும்க்கா. சோறு போடறியோ இல்லியோ, இத செய்யி."

செவ்வந்தி ஒருநாளும் விடவில்லை. காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. மூன்றாம் மாசம் முனியன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாம் மாசம் கோல் ஊன்றி வாசற்படி வரை வந்து, தானே வெளியே போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஜில்லாவையே ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி கட்டிலில் உட்கார்ந்தார். செவ்வந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகையைப் பற்றிச் சொன்னதும் நிர்மலாதான். "மாசம் ரெண்டாயிரம் வரும்க்கா. கள்ளக்குறிச்சில கேம்ப்பு. டாக்டர் பாத்து ஊனம் எத்தினி சதவீதம்னு போடுவாங்க." சொல்லிவிட்டு அவள் பிரசவ லீவில் போய்விட்டாள்.

இரண்டாயிரம் வந்தால் செவ்வந்தி கரும்பு வெட்டப் போகாமல் அவரோடு இருக்கலாம். வராவிட்டால் கார்த்திகையில் மேஸ்திரியோடு கிளம்பிப் போய் நாலு மாசம் ஊர் ஊராகக் கரும்புக் கொல்லையிலேயே தங்க வேண்டும். அப்புறம் இவருக்குச் சோறூட்டுவது யார், கழுவிவிடுவது யார்? அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

முகாமுக்கு முதல்நாள் அவரை உட்கார வைத்து முகம் மழித்துவிட்டாள். எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். பொங்கலுக்கு வாங்கிய வேட்டியைக் கட்டிவிட்டாள். பெரிய மனுஷர் முன்னால் போகும்போது, நோயாளியே ஆனாலும் அழுக்காய்ப் போகக் கூடாது. அவள் அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோதும் தலைவாரிப் பூ வைத்துத்தான் கொண்டுபோனார்கள். ஒரு ஆட்டை விற்றுத்தான் ஆட்டோ வைத்தாள்.

முகாமில் கூட்டம் தாங்கவில்லை. இரண்டு மணிக்குத்தான் அவர்கள் முறை வந்தது. டாக்டரம்மா சின்ன வயசு, நல்ல மாதிரி. எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

பார்த்ததுதான் தாமதம், முனியன் எழுந்துவிட்டார். யாரும் எழச் சொல்லவில்லை. நாற்காலியைப் பிடித்து, பல்லைக் கடித்து, ஒரே மூச்சில் எழுந்து நின்று, இடது கையால் வலது கையைத் தூக்கிச் சேர்த்து வைத்து ஒரு கும்பிடு போட்டார். ஆண்டை வந்தால் எழுந்திரு, ஆபீசர் வந்தால் எழுந்திரு என்று அறுபது வருஷம் பழகிய உடம்பு. பாதி செத்தும் அந்தப் பாதிக்கு மரியாதை மறக்கவில்லை.

"அட, பரவால்லியே பெரியவரே! நல்லா இருக்கீங்களே" என்றார் டாக்டரம்மா.

அத்தோடு விட்டிருக்கலாம். செவ்வந்திக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து மாச உழைப்பை ஒரு படித்த மனுஷி பாராட்டுகிறாள், வாய் சும்மா இருக்குமா?

"வாசப்படி வரிக்கும் அவரே நடக்கறாருங்க டாக்டரம்மா. ஒன்னுக்குக்கூட அவரே போய்ட்டு வராருங்க."

டாக்டரம்மா கையையும் காலையும் மடக்கிப் பார்த்தார், எழுதினார். பக்கத்து மேசையில் சீட்டை வாங்கிப் பார்த்தவர் திருப்பிக் கொடுத்தார்.

"அறுவத்தஞ்சு போட்டிருக்காங்க. பணத்துக்கு எழுவத்தஞ்சு வேணும்மா."

"அதுக்கு இப்ப இன்னாங்க சார் பண்றது?"

"பத்து கம்மி. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வாங்க. அப்ப நெலம எப்பிடியோ, பாத்துப் போடுவாங்க."

யாரைக் குற்றம் சொல்வது? டாக்டரம்மா கண்ணால் கண்டதை எழுதினார். மேசைக்காரர் சட்டத்தைச் சொன்னார். நடக்கிறவன் சம்பாதித்துக்கொள்வான், கிடக்கிறவனுக்கு அரசாங்கம் கொடுக்கும். வாசற்படி வரை நடக்கிறவனுக்கு என்ன வழி என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை.

ஆட்டோவில் முனியன் குழறிக் குழறிக் கேட்டார். "டாக்டரு... நல்லாக்கீறன்னு சொல்லிச்சே. இன்னா குடுத்தாங்க?"

"குடுப்பாங்கப்பா. ஆறு மாசம் ஆவுமாம்."

மறுநாள் காலை செவ்வந்தி அடுப்பைப் பற்றவைத்தாள், வாசல் கூட்டினாள், இருந்த ஒரு ஆட்டுக்குத் தழை போட்டாள். கட்டில் பக்கம் போகவில்லை. முனியன் விட்டத்துக் கயிற்றைப் பார்த்தார். அது மேலே சுருட்டிச் செருகியிருந்தது.

"இன்னிக்கி கயிறு இல்லியா பாப்பா?"

"கை வேலையாக்கீறேன்ப்பா."

அதற்கு அடுத்த நாளும் அதையே கேட்டார், அதையே சொன்னாள். அதற்கும் அடுத்த நாள் அவர் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அப்பாடா என்று நினைத்த தன் மனசைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆறு மாசம்தானே, பணம் வரட்டும், வந்த பிறகு முதலிலிருந்து தொடங்கி இரண்டு வேளைக்கு நாலு வேளையாய்ச் செய்து நடக்க வைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் காலை, மடக்கி வைத்த கத்தி என்று நினைத்தாள் போலிருக்கிறது, வேண்டும்போது விரித்துக்கொள்ள.

கார்த்திகையில் மேஸ்திரி அறிவுச்செல்வன் முன்பணத்தோடு வந்தான். "வரலண்ணா, மாசில கேம்ப்பு கீது" என்று அனுப்பிவிட்டாள். இன்னொரு ஆடும் போனது. பக்கத்து வீட்டு ராஜாம்பாள் கொடுத்த கேழ்வரகு மாவில் பத்து நாள் ஓடியது. மாத்திரை கொடுக்க வேறு ஒரு பெண் வந்தாள், வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். தை பிறந்தபோது முனியனால் கோலைப் பிடித்தும் நிற்க முடியவில்லை. வலது முழங்கால் மடங்கினபடி நின்றுவிட்டது. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன.

மாசி முகாமுக்கு அவரை மழிக்கவில்லை, குளிப்பாட்டவில்லை. நாலு நாள் தாடியோடு, கட்டியிருந்த லுங்கியோடு தூக்கிப் போனாள். அதே டாக்டரம்மாதான். அவருக்கு இவர்களை ஞாபகமில்லை. காலை நீட்டிப் பார்த்தார், நீளவில்லை. முனியன் வலியில் முனகினார். செவ்வந்தி இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. எண்பது சதவீதம்.

வைகாசியில் ஆர்டர் வந்தது. ஆனியில் முதல் இரண்டாயிரம் கணக்கில் ஏறியது. அன்று சாயங்காலமே விட்டத்துக் கயிற்றை அவிழ்த்துத் தொங்கவிட்டாள். அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றில் வைத்தாள். விட்டதும் மறுபடி சுருண்டன. காலை நீட்டப் பார்த்தாள். அவர் கத்திய கத்தில் ராஜாம்பாள் ஓடிவந்தாள்.

லீவு முடிந்து நிர்மலா வந்தது ஆடியில். உள்ளே நுழைந்தவள் கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றாள். கிட்டே போய் முழங்காலைத் தொட்டாள், விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? நடந்துகினு இருந்தாரே!"

செவ்வந்தி புளிக்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

"உன்னத்தான் கேக்குறேன். செஞ்சியா இல்லியா? எப்பலேர்ந்து வுட்ட?"

செவ்வந்தியின் கை நின்றது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அவள ஏம்மா கேக்குற?" முனியன் ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார். "அவ டெய்லி... கூப்ட்டா. நாந்தான்... வலிக்குது, வாணான்னுட்டேன். காலு வந்து... நான் இன்னா பண்ணப்போறேன். பணம் வருது பாரு."

நிர்மலா அவரைக் கோபித்துக்கொண்டாள். இவ்வளவு பிடிவாதம் ஆகாது, இனிமேல் நிற்பது கஷ்டம்தான், நரம்பு இறுகிவிட்டது, வலி குறையவாவது எண்ணெய் போட்டு நீவிவிடுங்கள் என்றாள். நோட்டில் அவரிடம் இடது கட்டைவிரல் ரேகை வாங்கினாள். அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போன பிறகு செவ்வந்தி எழுந்துபோய்க் கட்டில் காலடியில் உட்கார்ந்தாள். கயிற்றைச் சுருட்டிய மூன்றாம் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் கேட்பதை நிறுத்தியிருக்கிறார். பதினோரு மாசம் அவள் சுமந்த பாவத்தை, அவர் பதினோரு மாசமும் படுத்த இடத்தில் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, வாய்விட்டு அழுதாள்.

முனியன் நல்ல கையை நீட்டி அவள் தலையில் வைத்தார்.

"மூட்ட எடுக்க... கந்தசாமி வந்துருவான்" என்றார். "தட்டு பாப்பா."