பூசைக்கூடைக்குச் சோதனை கிடையாது

மத்திகிரிப் பக்கத்து ஏரிப் பூங்காவில் காவல் பார்க்கும் அற்புதமேரி மாதாவை நம்புவாள். மற்ற எல்லோரையும் பையைத் திறக்கச் சொல்லுவாள். ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் பெண்களைச் சோதித்தே பாதி ஆயுள் கழிந்தவள். டிபன் டப்பாவின் அடித்தட்டு வரை பார்த்துப் பழகிய கண். பூசைக்கூடையை மட்டும் தொடமாட்டாள். வேதக்காரி கை பட்டுவிட்டது என்று நாளைக்கு யாரும் சண்டைக்கு வரக் கூடாதே.

ஏரிக்கரையில் ஒரு நடுகல் இருந்தது. மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன், வில்லோடு நிற்பான். அடியில் புதையல் என்று ஊரில் ஒரு பேச்சு. போன வருடம் பக்கத்துக் கல்லை எவனோ பெயர்த்துவிட்டான். "இன்னொன்னு போச்சுன்னா நீயும் கெளம்ப வேண்டியதுதாம்மா" என்று சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணன் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவளுக்கு இலை அசைந்தாலும் சந்தேகம்.

அன்று காலை நடுகல் முன்னால் வேட்டி கட்டிய இரண்டு பேர் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஹீனா என்ற பெண் போனைப் பார்த்தபடி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கரைச்சுவரின் கல்லிடுக்கில் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். புதருக்குப் பின்னால் நின்ற அற்புதமேரி பாய்ந்து பிடித்து, வாசல் அறைக்கு இழுத்துப் போனாள்.

டப்பாவைக் கொட்டினால் கோலி, சாவி வளையம், பிளாஸ்டிக் மோதிரம்.

"இது ஒரு வெளையாட்டு, அக்கா. யாரோ ஒளிச்சு வெச்சிட்டு எடத்த நெட்ல போடுவாங்க. நாங்க மேப் பாத்துத் தேடுவோம். ஒன்னு எடுத்தா ஒன்னு வெக்கணும், அவ்ளோதான்."

"கோலிக்கா இவ்ளோ தூரம் வந்த? யாரு காதுல பூ சுத்தற?"

"என்னைய விடுங்கக்கா. நீங்க இழுத்துட்டு வர்றப்ப திரும்பிப் பாத்தேன். அந்த ஆளுங்க கூடையிலருந்து குட்டைக் கடப்பாரைய எடுத்தாங்க."

அற்புதமேரிக்குச் சிரிப்பு வந்தது. கம்பெனி வாசலில் மாட்டியவளெல்லாம் அடுத்தவளைத்தான் கைகாட்டுவாள். ஹீனாவுடைய பையின் ஒவ்வொரு ஜிப்பையும் நிதானமாகத் திறந்து பார்த்தாள்.

வேட்டிக்காரர்கள் வெளியே வந்தார்கள். கூடை தூக்கியவர் தோள் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. மற்றவர் அற்புதமேரி கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்து, "வர்றோம்மா" என்றார்.

"அந்தக் கூடையப் பாருங்கக்கா," என்றாள் ஹீனா.

பார்த்தாள். தொடவில்லை.

பிறகுதான் மனம் கேட்காமல் கரைக்கு ஓடினாள். வீரன் குப்புறக் கிடந்தான். அவன் நின்ற இடத்தில் ஈரக்குழி. ஊதுபத்தி இன்னும் அணையவில்லை. அற்புதமேரிக்கு அவமானத்தில் அழுகை வந்தது. பின்னாலேயே வந்த ஹீனா டப்பாவைப் பழைய இடுக்கில் வைத்தாள். அற்புதமேரியின் கையில் அந்த வாழைப்பழம் அப்படியே இருந்தது.