கழிவு கேன் சொன்ன கணக்கு

என் சித்தி வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பால் கெட்டிருக்கிறதா என்று தானும் முகர்ந்து, சித்தப்பாவையும் முகரச் சொல்வாள். "கல்யாண போட்டோவிலகூட என்னைச் சந்தேகமாத்தான் பார்த்துட்டு நிக்கிறா" என்பார் அவர்.

அந்தக் குணத்துக்குச் சம்பளம் கிடைத்த ஒரே இடம் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் சோதனை அறை. அங்கே ஆல்கஹாலையும் தண்ணீரையும் பல விகிதங்களில் கலந்து துப்புரவுத் திரவம் செய்கிறார்கள். ஒவ்வொரு கலவையின் பாகுத்தன்மையையும் அளப்பது சித்தி. வளைந்த கண்ணாடிக் குழாயில் திரவத்தை ஊற்றி, வெப்பம் மாறாத தொட்டியில் நிறுத்துவாள். மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்க எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்ப்பாள். தடித்த திரவம் மெதுவாக இறங்கும். பதினோரு வருடமாக இதே வேலை.

போன வருடம் ஒரு இளம் இன்ஜினியர் வந்து, அவளுடைய நோட்டுகள் அத்தனையையும் கணினியில் ஏற்றினார். நியூரல் நெட்வொர்க் என்றார். பழைய அளவுகளைக் காட்டிக் காட்டிப் பழக்கினால், புதுக் கலவை எத்தனை விநாடியில் இறங்கும் என்று அதுவே கணித்துவிடுமாம். தொடர்ந்து முப்பது மாதிரிகளில் அதன் கணிப்பும் சித்தியின் அளவும் ஒரு விநாடிக்குள் ஒத்துப்போனால் சோதனை அறையை மூடிவிடலாம், சித்தி பேக்கிங் பகுதிக்குப் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

இருபத்தேழு ஒத்துப்போயின.

"இவ்வளவு ஒத்துப்போனா அதுல ஏதோ இருக்கு. என் நாத்தனாரும் நானும் ஒரு நாள்கூட இப்படி ஒத்துப்போனதில்ல" என்றாள் சித்தி.

இன்ஜினியர் அவள் நோட்டைப் பார்த்துவிட்டுக் கணினியின் எண்ணை மாற்றுகிறார் என்று நினைத்து, நோட்டை டிராயரில் வைத்துப் பூட்டினாள். அப்படியும் ஒத்துப்போயிற்று. கணினியின் கேமராவுக்கு பிளாஸ்திரி ஒட்டினாள். அதற்கும் பலன் இல்லை.

இருபத்தெட்டாவது மாதிரி பாதிக்குப் பாதிக் கலவை. எப்போதும்போல அளக்கும் முன்பே மேசைமேல் இருந்த கணினித் திரை 181 விநாடி என்றது. அவள் கடிகாரம் 185 காட்டியது. 'குழாயில் காற்றுக்குமிழி இருந்திருக்கும்' என்று கொட்டிவிட்டு, கழுவி, உலர்த்தி, மறுபடி அளந்தாள். 184. 'தூசியாக இருக்கும்.' மூன்றாம் முறை 182. திருப்தியாகப் பேனாவை எடுத்தவள், கீழே இருந்த கழிவு கேனைப் பார்த்து நின்றுவிட்டாள். வாரத்துக்கு ஒரு முறை நிறைகிற கேன், கொஞ்ச நாளாக மூன்றே நாளில் நிறைந்துகொண்டிருந்தது.

ஒத்துப்போகாதபோதெல்லாம் கொட்டியிருக்கிறாள். ஒத்துப்போனபோது ஒரு முறைகூட மறுபடி அளந்து பார்க்கவில்லை. திரையில் எண் தெரிந்ததால், ஸ்டாப்வாட்ச்சைக் கட்டைவிரலும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அழுத்தி நிறுத்தியிருக்கிறது. உலகத்தையே சந்தேகப்பட்டவள் தன் விரலை மட்டும் நம்பியிருந்தாள்.

இன்ஜினியரிடம் போனாள். "தம்பி, அந்த இருபத்தேழும் செல்லாது."

"என்னக்கா இது? எல்லாம் ஒத்துப்போச்சே!"

"உன் எண்ணைப் பார்த்துட்டுல்ல அளந்திருக்கேன். ஒத்துவரலைன்னா என் குழாயைத்தான் குத்தம் சொன்னேன், உன் கணக்கைச் சொல்லல."

"இதைப் போய் மேலாளர்கிட்ட சொன்னா, வேலையைக் காப்பாத்திக்கக் கதை கட்டுறீங்கன்னுதான் சொல்வாரு."

"சொல்லட்டும். அவர் என்னைச் சந்தேகப்பட்டா எனக்குக் கோவம் வராது. நான் படாததா?"

மேலாளர் சந்தேகப்படத்தான் செய்தார். கணிப்புகளை உறையில் போட்டு ஒட்டச் சொல்லித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். சித்தி பக்கத்தில் ஒரு மேற்பார்வையாளரை இன்னொரு ஸ்டாப்வாட்ச்சோடு உட்காரவைத்தார். முப்பது மாதிரிகளையும் புதிதாக அளந்தார்கள்.

உறைகளைப் பிரித்தபோது இருபத்துநான்கு ஒத்திருந்தன. மீதி ஆறும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதிக் கலவைகள். அந்த விகிதத்தில் திரவம் தனித் தண்ணீரைவிடவும் தனி ஆல்கஹாலைவிடவும் தடித்துப்போகிறது. பழைய நோட்டுகளில் அப்படிப்பட்ட கலவைகள் மிகக் குறைவு. அதனால் கணினி தனக்குத் தெரியாததையும் தெரிந்தது போலவே சொல்லியிருந்தது.

அந்தக் கலவைகளை நூறு முறை அளந்து தரச் சொன்னார் இன்ஜினியர். சித்தி அளந்தாள், அது படித்தது. போன வாரம் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது, உறைகளோடு. நேற்றுவரை பதினெட்டு. பதினெட்டும் ஒத்துப்போயின.

"அப்ப ரூம் போயிடும்போல. பயமா இல்லையா சித்தி?" என்றேன்.

"இருக்கு. ஆனா இந்தத் தடவை நிஜமாவே ஒத்துப்போகுது" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அந்த உறையெல்லாம் யாருடா ஒட்டுறது?"