சித்தியின் தட்டில் குப்பைமேனி

மாமாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதைவிட அதிகமாக ஆஸ்பத்திரி பயம் இருந்தது. சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருந்தவர் அவர். தறிக்கூடத்தில் கிடந்த ஆணியொன்று பாதத்தில் ஏறியபோது கொஞ்சமும் வலிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாமாவின் கடைசித் தங்கையான சித்தி அப்போது கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தாள். மருந்துச் செடிகள் கிருமிகளை என்ன செய்கின்றன என்பது அவளுடைய ஆய்வு. விடுமுறைக்கு வந்தவள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். கண்ணாடித் தட்டு முழுக்கப் பாலாடை மாதிரிக் கிருமி படர்ந்திருந்தது. குப்பைமேனிச் சாறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் துடைத்து எடுத்தாற்போல ஒரு வட்டம். வீடே அவளை மெச்சியது. மாமா போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

மறுநாளிலிருந்து அத்தை, அதாவது மாமாவின் மனைவி, குப்பைமேனியை மஞ்சளோடு அரைத்து அவர் கால் புண்ணில் கட்டிவிட்டாள். அடுத்த முறை சித்தி ஊருக்கு வந்தபோது மாமாவின் கால்விரலோரம் கறுத்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, அது தட்டுல வளர்த்த கிருமி. காலு அப்படி இல்ல. உனக்கு அங்கன ரத்த ஓட்டமே இல்ல. இன்னைக்கே திருநெல்வேலிக்குப் போவோம்,” என்றாள் சித்தி.

மாமா சிரித்தார். “நீ காட்டுனதைத்தான செய்யுதேன். உன் படிப்பை நீயே நம்பலைன்னா எப்படிட்டி?”

அவள் அழுது பார்த்தாள். என் அம்மாவை விட்டுச் சொல்லவைத்தாள். ஒருநாள் வாசலுக்குக் காரையே கொண்டுவந்து நிறுத்தினாள். மாமா உள்ளே தாழ்போட்டுக்கொண்டார். ஆடித்தபசுத் திருவிழா கழியட்டும் என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். பிறகு வாடை தெரியாமலிருக்க அந்த அறையில் ஊதுபத்தி ஏற்றத் தொடங்கினார்கள்.

தபசன்று ஊரே கோயில் வாசலில் நின்றபோது மாமா காய்ச்சலில் பிதற்றினார். திருநெல்வேலியில் காலை எடுத்தார்கள். ஆனால் விஷம் அதற்குள் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. ஆம்புலன்சில்தான் வீடு வந்தார்.

சித்தியைப் பார்த்ததும் அத்தை எழுந்தாள். “படத்தைக் காட்டி எம் புருசனைக் கொன்னுட்டியேட்டி.”

படித்தவள் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள் என்று சுற்றியிருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். சித்தி இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அத்தை அடித்த அடியைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். சித்தி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாளே என்று நான் வாயெடுத்தேன். சித்தியே என்னை இழுத்து வாயைப் பொத்தினாள்.

அவள் பேசியிருந்தால், நாள் தவறாமல் அரைத்துக் கட்டிய அத்தையின் தலையில்தான் அந்தச் சாவு போய் விழுந்திருக்கும். அதெல்லாம் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. தப்புச் செய்தவர்கள்தான் பேசாமல் இருப்பார்கள் என்று நினைத்து, பதினாறாம் நாள் வரைக்கும் சித்தி கூப்பிட்டபோதெல்லாம் நான் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.