உப்பளத்தில் நடந்த புள்ளி

இது நள்ளிரவில் நடந்ததல்ல. பட்டப்பகலில், மே மாத வெயிலில் நடந்தது. வைஜெயந்தி கதை கட்டுகிற ஆள் இல்லை. ரேடார் இன்ஜினியர். எதையும் நிமிஷம் பிசகாமல் குறித்து வைப்பவள். அவள் குறித்து வைத்ததைத்தான் சொல்கிறேன்.

பழைய போர் விமானங்களின் மூக்கில் சுழலும் ரேடார் தட்டைக் கழற்றிவிட்டு, அசையாமலே துழாவும் புது ரேடாரைப் பொருத்துவது அவளுடைய கம்பெனியின் வேலை. விமானத்தில் ஏற்றும் முன் தரையில் சோதிக்க வேண்டும். அதற்காக மரக்காணம் உப்பளத்தில் ஒரு வேனை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே அவளும் டீம் லீடர் சக்கரபாணியும் மட்டும். சோதனை என்பதால் உப்பள ஆட்களுக்கு அன்று விடுமுறை.

மதியம் 2.31. திரையில் ஒரு புள்ளி முளைத்தது. 840 மீட்டர் தூரம். மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகம். பக்கத்தில் ரேடாரே பெயர் போட்டது: நடக்கும் மனிதன்.

கண்ணாடி வழியே பார்த்தாள். வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திகள். ஒரு காக்கை உட்கார்ந்தாலும் தெரியும். யாரும் இல்லை.

"சார், ஆளே இல்ல. ஆனா டார்கெட் காட்டுது."

சக்கரபாணி திரும்பவில்லை. "சூட்டுல அப்படித்தான் வரும். விடும்மா."

2.40. 390 மீட்டர். ஒரு நாற்றம் வந்தது. செத்த மீன் என்று நினைத்தாள். இல்லை... மீன் நாற்றத்தில் இந்த இனிப்பு இருக்காது. ஏசி காற்றோடு வந்து தொண்டையில் எண்ணெய் போல ஒட்டியது. எச்சிலை விழுங்கவே அருவருப்பாக இருந்தது.

2.44. 190 மீட்டர். கண்ணாடியின் உள்பக்கம் ஈக்கள். ஒன்று அவள் உதட்டில் உட்கார்ந்தது. ஈரமாக. தட்டிவிட்டாள். உதடு உப்புக் கரித்தது.

2.46. 90 மீட்டர்.

சரக்... சரக்...

ஈர உப்பில் யாரோ காலை இழுத்து நடக்கும் சத்தம்.

"சார், நான் ஆஃப் பண்றேன்."

சுவிட்சை அணைத்தாள். ரேடார் நின்றது.

புள்ளி நிற்கவில்லை.

40 மீட்டர்.

25.

12.

வெளியே நட்டிருந்த ரேடார் ஆன்டெனாவுக்கும் வேன் கதவுக்கும் இடையே சரியாகப் பன்னிரண்டு மீட்டர்.

தட்... தட்... தட்...

அவள் கைப்பிடியைத் தொட்டாள். சக்கரபாணி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொறக்காத. அன்னைக்கும் இப்படித்தான் தட்டினாங்க."

அவர் கை வியர்த்து வழவழத்தது. உதறிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

வெளியே வெயில் மட்டும்.

படியிலேயே வாந்தி எடுத்தாள்.

'அன்னைக்கு' என்றால் என்றைக்கு? எத்தனை முறை கேட்டும் சக்கரபாணி வயர்களைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை அவளே பக்கத்து ஊரான அனுமந்தைக்குப் போய் விசாரித்தாள். உப்பளத்தில் வேலை செய்யும் அமராவதியைக் கைகாட்டினார்கள்.

"போன வருஷம் எங்க வூட்டுக்காரரு தங்கராசுவ இந்த டெஸ்ட்டுக்குக் கூப்ட்டாங்க" என்றாள் அமராவதி. "நெஞ்சுல தகரத்தக் கட்டி, வெயில்ல நடன்னு விட்டுட்டாங்க. அப்பதான் ரேடார்ல பளிச்சுன்னு தெரியுமாம். மூணு மணிவாக்குல சுருண்டு வுழுந்துட்டாரு. நாங்க ஓடிப்போயி வேன் கதவத் தட்டுனோம். உள்ள ஆள் இருக்குது. தொறக்கல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"முடிச்சு இறுகிப்போயி தகரத்தக் கூட அவுக்க முடியல. அதோடவே தூக்கிட்டுப் போனோம். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில செத்துட்டாருன்னு சொல்லிட்டாங்க."

வேனுக்குத் திரும்பிய வைஜெயந்தி போன வருஷத்துச் சோதனை நோட்டைத் தேடி எடுத்தாள். தங்கராசு விழுந்த நாளின் பக்கம் முழுக்கச் சக்கரபாணியின் கையெழுத்து.

2.47 — இலக்கு நின்றது.

4.10 — இலக்கு மீண்டும் நடக்கிறது. வேனை நோக்கி.

அதற்குக் கீழே, சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தார்: நல்ல டேட்டா. பத்திரப்படுத்தவும்.