ஒளிபரப்பில் வராதவர்

தவளக்குப்பம் சந்திப்பில் கடலூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். கிராமங்களைப் பற்றி எழுதுவதும் டிவியில் பேசுவதும் என் வேலை. கத்தரிக்காய் விற்கும் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டுகொள்கிறார்.

“எங்க ஊருக்கும் வந்தீங்களே சார். எங்க வூட்டுக்காரர ஏரிக்கரையில நிக்க வச்சிப் படம் புடிச்சீங்க.”

நினைவு வருகிறது. எந்த மதகைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும் என்று ஒரு மணி நேரம் விளக்கிய மனிதர்.

“தெருவே எங்க வூட்ல உக்காந்து பார்த்துச்சு. டிவியில அவரு வரவேயில்ல. போன வருசம் தவறிட்டாரு. அந்தப் படம் இருந்தா குடுங்க சார், அவரு பேசுறத ஒருவாட்டி கேக்கணும்.”

“அழிச்சிட்டோம்மா.”

அந்தப் பெண் காய்களின்மேல் தண்ணீர் தெளிக்கிறார்.

“சரியா பேசலன்னுதான் வெட்டிட்டாங்கன்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. அப்படியா சார்?”

“இல்லம்மா. ரொம்ப நல்லா பேசினாரு.”

நேரம் போதாமல் அவர் பேச்சை வெட்டச் சொன்னவன் நான்தான். அந்த இடத்தில் நான் வரப்பில் நடந்து வரும் காட்சியை வைத்தோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.

“இத அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்.”