ராமப்பன் தயாரித்த ஏப்பம்

உப்பு தானாகச் சோடாவாகிவிடாது. அதற்குச் சிபாரிசு வேண்டும். ஓசூர் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்த ஆப்பச் சோடா கம்பெனியில் இந்தச் சிபாரிசுத் துறையைப் பதினோரு வருடம் கட்டிக்காத்தவர் சானமாவு கிராமத்து ராமப்பன்.

உப்பைக் கெட்டியாகக் கரைத்து, சுண்ணாம்புச் சூளையிலிருந்து வரும் கரியமில வாயுவை உள்ளே விட்டால் உப்புத் தண்ணீர் கண்டுகொள்ளாது. முதலில் அமோனியா போய்ப் பேச வேண்டும். பிறகுதான் வாயுவுக்கு மரியாதை. இதெல்லாம் நடக்கும் இரும்புக் கோபுரம் குளிர்ந்திருந்தால், வெள்ளைச் சோடா அடியில் படியும். காரியம் முடிந்ததும் அமோனியாவைச் சுண்ணாம்பு போட்டுப் பிரித்து அடுத்த சிபாரிசுக்கு அனுப்பிவிடுவார்கள். படிந்த சோடாவைச் சுட்டு வாயுவை விரட்டி, கரைத்து, அதே வாயுவை மறுபடி ஊட்டினால்தான் வாயில் போடத்தக்க சோடா. இந்த முறையை அரசாங்க அலுவலகம் கண்டுபிடிக்கவில்லை என்பது ஆச்சரியம்தான்.

ராமப்பனின் வேலை, கோபுரத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பது. தெர்மாமீட்டரும் இருந்தது. அது ராமப்பனைக் கேட்டுத்தான் ஏறி இறங்கும் என்பார்கள்.

சனிக்கிழமைதோறும் ஆளுக்கு அரைக் கிலோ சோடா இனாம். எண்பத்தாறில் மனைவி முனிலட்சுமிக்கு மேல்வயிற்றில் எரிச்சல் கண்டபோது, மருந்து வீட்டிலேயே மூட்டையாக இருந்தது.

"ஏம்மே, கடைச் சோடாவுல கண்டதையும் கலப்பான். இது என் கையால எறங்குனது. குடி."

குடித்தாள். காட்டு யானையே திரும்பிப் பார்க்கும்படி ஓர் ஏப்பம் வந்தது.

"எரிச்சல்?"

"போயே போச்சுங்க."

ராமப்பன் அன்று கோபுரத்தைவிட ஓரடி உயரமாக நடந்தார்.

ஆறு மாதம் இந்த வைத்தியம் நடந்தது. சேலை இடுப்பில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது. பக்கத்து வீட்டு ஃபகருன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, அண்ணி எளைச்சிக்கினே போறாங்க. கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

"எதுக்கும்மா? ஏப்பம் வருதில்ல? உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

ஒரு காலையில் ஏப்பத்துக்குப் பதிலாக ரத்தம் வந்தது. கிருஷ்ணகிரியில் டாக்டர், முனிலட்சுமியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். ராமப்பன் கோபுரத்தில் வைப்பது போலவேதான்.

"கட்டி கைக்கே தட்டுப்படுதேய்யா! ஆறு மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

ராமப்பன் தன் கையைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் ஒரு டிகிரி தப்பாத கை. கோபுரத்தின் வயிற்றைத் தவிர வேறு வயிற்றைத் தொட்டுப் பார்க்க அதற்குத் தோன்றியதே இல்லை.

பத்தொன்பதாம் நாள் முனிலட்சுமி போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள், மிச்சமிருந்த சோடாவை ராமப்பன் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தபோது ஃபகருன்னிசா வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள்.

"கடைசி மூணு மாசமா சோடாவுக்கு எரிச்சல் கேக்கவே இல்லண்ணா. காத்த முழுங்கி முழுங்கி ஏப்பம் விட்டாங்க. ஏன் அண்ணின்னு கேட்டேன். 'அந்த மனுசனுக்கு ஒழுங்கா தெரிஞ்சது அது ஒண்ணுதான், அதையும் நான் பொய்யாக்கணுமா'ன்னு சிரிச்சாங்க."

அந்த வருடம் கம்பெனி, அமோனியாப் பிரிவுக்கு முகமூடி வாங்கியது. போட்டால் கண் எரியாது, நீர் வழியாது. எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். ராமப்பன் மட்டும் மறுத்தார். விளக்கம் கேட்டு மூன்று பிரதிகளில் மெமோ வந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கோபுரத்தில் கையை வைத்து நின்றார்.

சூப்பர்வைசர் தங்கதுரை வந்தார். "கண்ணு இப்பிடிக் கொட்டுது. மாட்டித் தொலையேன்யா!"

"அமோனியா சார். பழகிப்போச்சு."

அமோனியா வால்வு அன்று காலையிலிருந்தே ரிப்பேருக்காக மூடிக் கிடந்தது. தங்கதுரைதான் மூடச் சொன்னவர். கோபுரத்தை ஒருமுறை பார்த்தார், ராமப்பனை ஒருமுறை பார்த்தார். ரிஜிஸ்டரை எடுத்து, "கசிவு உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.