ஈசானியத்தில் கிணறு, வாயு மூலையில் தொட்டி

சிம்மக்கல்லில் நாங்கள் குடியிருந்தது இரண்டாம் மாடி. குடிதண்ணீர் கீழே தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். பதினாறு வருடம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளை ஏறியிருக்கிறேன். கடைசியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. வீடு வாங்கும் பேச்சு வந்தபோது என் வீட்டுக்காரர் ரோடு, பஸ், ஆஸ்பத்திரி என்று அடுக்கினார்.

"நல்ல தண்ணிக் கெணறு இருக்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன்.

பதினோரு வீடு பார்த்தோம். பன்னிரண்டாவது, வாடிப்பட்டியிலிருந்து சோழவந்தான் போகிற வழியில் ஒரு கிராமத்தில் இருந்தது. தெற்குப் பார்த்த வரிசை வீடுகள், பின்னால் வயல். நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு. பூட்டைத் திறப்பதற்கு முன்பே உரிமையாளர் ஆரம்பித்துவிட்டார்.

"வாஸ்து இம்மி பிசகாதுக்கா. ஈசானியத்துல கெணறு, வாயு மூலையில செப்டிக் டேங்க்."

அதாவது, கொல்லையில் வடகிழக்கு மூலையில் கிணறு, வடமேற்கு மூலையில் தொட்டி. எனக்கு வாஸ்துவைவிடக் கணக்கில்தான் நம்பிக்கை. கிணற்றடியிலிருந்து தொட்டி மூடிவரைக்கும் எட்டு வைத்து அளந்தேன். ஐம்பது அடிக்குக் குறையவில்லை. உரிமையாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

கிணற்றில் தண்ணீர் கிடந்தது, இறைக்கக் கயிறும் இல்லை, வாளியும் இல்லை. மேற்குப் பக்கத்து வீட்டம்மா, என்னைவிட நாலைந்து வயது இளையவர், சுவருக்கு அந்தப் பக்கம் தன் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார். சொம்பை நிரப்பி நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்கக்கா. எங்களுதும் உங்களுதும் ஒரே ஊத்துதான்."

அப்படி ஒரு தண்ணீரை நான் அதுவரை குடித்ததில்லை. நின்ற இடத்திலேயே சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வீட்டுச் சொம்பை நம்பி வீடு வாங்கக் கிளம்பிய மகராசி, அந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பத்திரப் பதிவுக்கு முன்னால் தொட்டியையும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று, கழிவு எடுக்கும் லாரிக்காரரை வரச்சொன்னோம். இந்தத் தடவை நான் கயிறும் வாளியும் கொண்டு போயிருந்தேன். கால்வாயில் தண்ணீர் விட்டிருந்ததால் கிணறு நன்றாக ஏறியிருந்தது. முதல் வாளியிலேயே ஒரு வாடை.

"பூட்டிக் கெடந்த கெணறு. நாலு நாள் இறைச்சா சரியாப் போயிரும்" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாமே நாலு நாளில் சரியாகப் போய்விடும்.

லாரிக்காரர் அதற்குள் தொட்டி மூடியை நெம்பிப் பார்த்துவிட்டு வந்தார். "டேங்க் காஞ்சு கெடக்கு, அதுல இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா வெறும் உறைதான் இறக்கிருக்காக. அடியில தளம் போடல, ஊத்துறதெல்லாம் மண்ணுக்குள்ளதான் எறங்கும்." வாளியை வாங்கி முகர்ந்தார். பிறகு கிழக்குச் சுவர்மேல் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாள் இறைச்சாலும் இது போகாதுக்கா. இந்தா, அவுக டேங்கு. அவுகளும் வாயு மூலையிலதான வச்சிருக்காக. அவுக வாயு மூலை உங்க ஈசானியத்த ஒட்டித்தான வரும்? இந்தத் தெரு பூரா இப்பிடித்தான்."

கிழக்கு வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நேராக அங்கே போய்க் கேட்டுவிட்டேன். வீட்டுப் பெரியவர் சாப்பாட்டுக் கையோடு வந்து நின்றார்.

"எங்க எடத்துல, எங்க மூலையில, சாஸ்திரப்படி வச்சிருக்கோம். உங்க கெணறு எங்க இருக்குன்னு நாங்க எதுக்கும்மா பாக்கணும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பினேன். கொல்லைக்கு வந்தால், மேற்குச் சுவர் ஓரம் எங்கள் தொட்டி திறந்தபடி கிடந்தது. அதிலிருந்து நாலு அடியில், சுவருக்கு அந்தப் பக்கம், ராட்டினம் கிறீச்சிட்டது. அந்தம்மா இறைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருடம் இந்த வீட்டில் ஆள் இல்லாததால்தான் அந்தம்மா கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு நன்றாக இருந்தது. நாங்கள் குடிவந்தால் எத்தனை மாதம் தாங்கும்? நான் ஐம்பது அடி அளந்தது எங்கள் சுவருக்குள்ளேதான். சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்காததில் எனக்கும் கிழக்கு வீட்டுப் பெரியவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"வேற வீடு பாப்பமா?" என்றார் வீட்டுக்காரர்.

"எங்க போனாலும் இதே வாஸ்துதான்" என்றேன்.

வாங்கினோம். பழைய தொட்டியை மண் போட்டு மூடிவிட்டு, தெற்கே வாசலுக்குப் பக்கத்தில் அடித்தளம் போட்டுப் புதிதாகக் கட்டினோம். கொத்தனார் இரண்டு நாள் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். நாத்தனார், "வாசல்லயா? வெளங்கும்" என்று போனை வைத்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் இன்றைக்கும் செடிக்கும் துணிக்கும்தான்.

பால் காய்ச்சிய அன்று காலையில், குடத்தோடு மேற்கு வீட்டுக்குப் போனேன். அந்தம்மா இறைத்து ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏங்க்கா, வாசல்லயே டேங்கக் கட்டிருக்கீக? ஊரே சிரிக்குது."

சொன்னேன். மூலைக்கு மூலை, சுவருக்குச் சுவர் விளக்கினேன். வாளி பாதியில் நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கொல்லையின் வடமேற்கு மூலையைப் பார்த்தார். அங்கே அவர்கள் தொட்டி. அதை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஈசானியம். அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பிறகு வாளியை மேலே இழுத்து, என் குடத்தை வாய் வரைக்கும் நிரப்பினார்.

"அக்கா, இத மேற்க உள்ளவகட்டச் சொல்லிப்புடாதீக. இன்னொரு டேங்கு கட்டறதுக்கு எங்களால ஏலாது."

சரி என்றேன். தினமும் காலையில் இரண்டு குடம் அங்கிருந்துதான் கொண்டுவருகிறேன். அந்தக் குழந்தையின் அம்மா தெருவில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள், "தண்ணிக்கா போறீக?" என்பாள். யாரையும் விட்டுவைக்காத இந்த வாய், அவளிடம் மட்டும் ஆமாம் என்பதோடு நின்றுவிடுகிறது.